வெளுத்தாவுக்கு எழுதப்படாத அடிக்குறிப்புகள்

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களிடையே புழங்கும் தேர்வுக் கையேடுகளில், அருந்ததி ராயின் 'தி காட் ஆஃப் ஸ்மால் திங்ஸ்' நாவலுக்குக் குறிப்புகள் தாராளமாகக் கிடைக்கும். எல்விஸ் பிரெஸ்லி யார், 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' எப்படிப்பட்ட திரைப்படம், கதகளி எவ்வகைக் கலை என்பவற்றுக்கெல்லாம் விளக்கம் இருக்கும். 'பரவன்' என்னும் சொல்லுக்கு வரும்போது மட்டும் குறிப்பு பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்: 'கேரளத்தின் தீண்டத்தகாத சாதி'. நாவலில் ஒரு மனிதன் அடித்துக் கொல்லப்படுகிறான். அவன் கொல்லப்பட்டதற்கான முழுக் காரணமும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது. அதற்கு ஒரு வரி போதும் என்று முடிவு செய்பவர் யார்?

1997-இல் வெளிவந்து அதே ஆண்டில் புக்கர் பரிசு பெற்ற இந்நாவல், ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்று தமிழிலும் கிடைக்கிறது. இதைத் திறனாய்வின் துணையோடும் பண்பாட்டுக் குறிப்புரையின் துணையோடும் எவ்வாறு பயில்வது என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். சட்டத் துறையில் இயங்குபவர்கள் என்பதால் எங்கள் குறிப்புகளில் சட்டம் சற்று மிகுதியாகவே இருக்கும். இந்நாவலைப் பொறுத்தவரை அது மிகையன்று என்றே கருதுகிறோம்.

குறிப்புரை நடுநிலையான வேலையன்று

ஒரு நூலின் பொருளை உரையாசிரியரே தீர்மானிக்கக்கூடும் என்பது தமிழ் மரபு நன்கறிந்த உண்மை. திருக்குறளுக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர், அறம் என்பதற்கு மனு முதலிய நூல்களின் விதிவிலக்குகளை அளவுகோலாக வைத்தார். பல நூற்றாண்டுகள் அந்த உரையின் வழியாகவே குறள் படிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதர் தம் 'தமிழன்' இதழில் அதே நூலைத் 'திரிக்குறள்' என்று கொண்டு, பௌத்த நோக்கில் வேறோர் உரை எழுதினார். மூலம் ஒன்றுதான், உரை மாறியபோது நூலின் அறமே மாறியது. இன்றைய ஆங்கில நாவலுக்கு எழுதப்படும் அடிக்குறிப்புக்கும் இது பொருந்தும். எதை விளக்குவது, எதை விளக்காமல் கடப்பது என்ற தேர்வில் ஒரு நிலைப்பாடு இருக்கிறது.

கதையின் சுருக்கம்

கோட்டயம் அருகே மீனச்சல் ஆற்றங்கரையில் உள்ள அய்மனம் கிராமம். நிலவுடைமைச் சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அங்கே ஊறுகாய்த் தொழிற்சாலை நடத்துகிறது. மணவிலக்குப் பெற்றுத் தாய்வீடு திரும்பிய அம்முவும், தொழிற்சாலையின் தச்சரும் இயந்திரப் பழுது பார்ப்பவருமான வெளுத்தாவும் காதலிக்கின்றனர். வெளுத்தா பரவர். 1969 டிசம்பரில் இந்தக் காதல் வெளிப்படுகிறது. அதே நாள்களில் இங்கிலாந்திலிருந்து வந்த சிறுமி சோஃபி மோள் ஆற்றில் மூழ்கி இறக்கிறாள். அம்முவின் அத்தை பேபி கொச்சம்மா காவல் நிலையத்தில் பொய்ப் புகார் அளிக்கிறார். அம்முவின் ஏழு வயது இரட்டைக் குழந்தைகளின் கண்ணெதிரே காவலர்கள் வெளுத்தாவை அடித்து நொறுக்குகிறார்கள். அவர் காவலில் இறக்கிறார்.

'பரவன்': ஒரே பெயர், இரண்டு வரலாறுகள்

தமிழ் வாசகர்களுக்கு முதற்குறிப்பு இங்கேயே தேவைப்படுகிறது. பரவர் என்றதும் தூத்துக்குடிக் கடற்கரையில் முத்துக்குளித்தும் மீன்பிடித்தும் வாழ்ந்து, பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கம் தழுவிய சமூகமே நம் நினைவுக்கு வரும். நாவலின் பரவரை அந்தச் சமூகமாகக் கருதிப் படித்தால் கதை பிழையாகிவிடும். திருவிதாங்கூரின் சாதி அடுக்கில் பரவன் என்னும் பெயர் தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட மக்களைக் குறித்தது.

இந்த வேறுபாட்டைச் சட்டமே பதிவு செய்திருக்கிறது. கேரளத்தின் பட்டியல் சாதிகளில் பரவன் உண்டு. தமிழ்நாட்டின் பட்டியலிலும் உண்டு. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை வட்டத்துக்கும் மட்டும். இவ்விரண்டும் 1956 மொழிவழி மாநிலப் பிரிப்பு வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதிகள். பழைய அரசின் எல்லைக்கோடு இன்றும் சாதிச் சான்றிதழில் உயிரோடு இருக்கிறது.

'வெளுத்தா' என்னும் பெயருக்கும் குறிப்பு வேண்டும். மலையாளத்தில் அது வெண்ணிறத்தைக் குறிக்கும். கறுத்த குழந்தைக்கு இடப்பட்ட பெயர் அது. ஆங்கில வாசகருக்கு வெறும் ஒலியாக நிற்கும் இப்பெயர், தமிழ் மாணவருக்கு உடனே பொருள் தந்துவிடும். இத்தகைய இடங்களில் ஆங்கில விமர்சகர்களைவிட நமக்கே வாய்ப்பு மிகுதி.

காலடித் தடத்தை அழிக்கும் துடைப்பம்

வீட்டின் மூத்தவரான மம்மாச்சி, தம் சிறுவயதில் பரவர்கள் தம் காலடித் தடங்களைத் துடைப்பத்தால் அழித்தபடி பின்னோக்கி நகர வேண்டியிருந்ததைப் பேரக்குழந்தைகளிடம் நினைவுகூர்கிறார். பொதுச்சாலையில் நடக்கவும், மேலாடை அணியவும், குடை பிடிக்கவும் அவர்களுக்கு உரிமை இல்லாதிருந்ததையும் நாவல் சொல்கிறது.

இப்பகுதிக்குக் குறிப்பு எழுதுவோர் மூன்று செய்திகளை அருகருகே வைக்க வேண்டும். முதலாவதாக, இடுப்பில் துடைப்பம் கட்டி நடக்க வைக்கப்பட்டதை அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் பேஷ்வாக்களின் புனே குறித்துப் பதிவு செய்திருக்கிறார். கேரளத்தின் ஆவணங்களில் மேலோங்கி நிற்பது 'தீண்டாப்பாடு': எந்தச் சாதியினர் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்னும் தொலைவுக் கணக்கு. இரண்டாவதாக, மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் தென் திருவிதாங்கூரில் பல பத்தாண்டுகள் நடந்தது. 1859-இல் அரச ஆணை பெற்றது. மூன்றாவதாக, 1893-இல் அய்யன்காளி வில்லுவண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் சென்றார். 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. பெரியார் அதில் சிறை சென்றார். வைக்கம் இன்று கோட்டயம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இந்த மூன்றாவது செய்தி நாவலில் இல்லை. மம்மாச்சியின் நினைவில் ஒடுக்குமுறை இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. தடைகள் தாமாக உதிர்ந்தவை போன்ற தோற்றம் அதனால் எழுகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது குறிப்புரையின் கடமை.

'அரிசிக் கிறிஸ்தவர்' என்னும் வசைச்சொல்

வெளுத்தாவின் பாட்டனார் கேலன் ஆங்கிலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். மதம் மாறியோரை 'அரிசிக் கிறிஸ்தவர்' என்று ஊர் அழைத்ததையும், அவர்களுக்குத் தனிக் கோயிலும் தனிப் பாதிரியாரும் ஒதுக்கப்பட்டதையும் நாவல் சுருக்கமாகச் சொல்கிறது. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்பது ஆதிக்க சாதியின் கூற்று. குறிப்புரை அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அதுவரை கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியே விற்கப்படும் நிலை இருந்தது. எழுத்தறிவு, ஞாயிறு ஓய்வு, குடும்பம் பிரியாதிருத்தல் என அம்மக்களைத் திருச்சபையின் பக்கம் ஈர்த்தவற்றை வரலாற்றாய்வாளர் சனல் மோகன், 'மாடர்னிட்டி ஆஃப் ஸ்லேவரி' என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். திருச்சபைக்குள்ளும் சாதி தொடர்ந்தபோது அதை எதிர்த்து வெளியேறியவர் பொய்கையில் யோகன்னான். 1909-இல் 'பிரத்தியக்ஷ ரட்சா தெய்வ சபை'யை நிறுவி, அடிமை வாழ்வின் நினைவுகளைப் பாடல்களாக்கினார். அவர் இயங்கிய மத்திய திருவிதாங்கூர், அய்மனத்துக்கு அயல்நிலம்தான். கேலனின் தலைமுறைக்கு அவர் பெயர் தெரியாமலிருக்க வாய்ப்பில்லை. நாவலைப் படிக்கும் மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் கேலனின் வழிவந்தோருக்கு அரசின் சலுகைகள் மறுக்கப்பட்டன என்று நாவல் போகிறபோக்கில் குறிப்பிடுகிறது. அதன் பின்னணி 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுவோரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு அடைத்தே இருக்கிறது.

இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களுள் ஒருவர் சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகக் கடைப்பெட்டி வழங்கியது, அவருக்கு மறுத்தது. 'சூசை எதிர் இந்திய ஒன்றியம்' என்னும் அவ்வழக்கில் 1985-இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. மதம் மாறிய பின்னும் இழிவுகள் அதே கடுமையுடன் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது நீதிமன்றம். அந்தச் சான்றின் ஒரு பகுதி பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாவலாக வந்தது எனலாம். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது, அப்பரிந்துரை நிறைவேறவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மேலும் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அம்முவுக்கு ஒரு சட்டம், வெளுத்தாவுக்கு ஒரு சட்டம்

நாவலில் அம்முவின் அண்ணன் சாக்கோ, சொத்தெல்லாம் தன்னுடையதே என்கிறான். மகள் என்ற முறையில் அம்முவுக்கு எந்த உரிமையும் இல்லை என்றே வீட்டார் நம்புகின்றனர். நீதிமன்றத்தை அணுகும் தகுதியைக் குறிக்கும் 'லோகஸ் ஸ்டாண்டி' என்னும் சட்டச்சொல், நாவலில் திரிந்து வெட்டுக்கிளியாக ஒலிக்கிறது.

இதற்கான குறிப்பு திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், 1916. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே என்றது அச்சட்டம். அதை எதிர்த்து வழக்காடியவர் நாவலாசிரியரின் தாய் மேரி ராய். 1986-இல் உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அச்சட்டம் செல்லாது, 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது.

இதன் விளைவை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். கதையில் அம்முவின் தந்தை இறப்பது 1951-க்குப் பின். அவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1969-இல் அம்முவுக்குச் சொத்தில் சம பங்கு இருந்தது. அவள் அதை அறியாமலே இறந்தாள். பின்னோக்கிச் சென்றாவது சட்டம் அவள் பக்கம் நின்றது.

வெளுத்தாவின் நிலை என்ன? 1969-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1955 நடப்பில் இருந்தது. கோயில், கடை, கிணறு போன்ற இடங்களில் அனுமதி மறுப்பதைத் தண்டித்த அச்சட்டத்தில், சாதிக்காகக் கொல்லப்படுவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதே கொலை இன்று நடந்தால் அச்சட்டம் பொருந்துமா? பொருந்தாது. கேலனின் பேரன் ஏட்டில் கிறிஸ்தவர். எனவே பட்டியல் சாதியினர் அல்லர். சிறப்பு நீதிமன்றம் இல்லை. கடமை தவறிய அரசு ஊழியரைத் தண்டிக்கும் நான்காம் பிரிவு இல்லை. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி கொலையுண்டவரின் குடும்பத்துக்குரிய 8,25,000 ரூபாய் நிவாரணமும் வெள்ய பாப்பனுக்குக் கிடைக்காது. 2025-இல் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், கிறிஸ்தவப் போதகராக வாழும் ஒருவர் இச்சட்டத்தின் பாதுகாப்பைக் கோர இயலாது என்றே தீர்ப்பளித்தது.

ஒரே நாவலின் இரு காதலர்கள். ஒருவருக்கு நேர்ந்த அநீதியைச் சட்டம் 1986-இல் திருத்திக்கொண்டது. மற்றவருக்கு நேர்ந்ததைச் சட்டம் இன்னும் காணவில்லை.

காவல் நிலையத்தில் நடப்பது என்ன?

வழக்கறிஞர் பார்வையில் நாவலின் மிக நுட்பமான பகுதி இது. பேபி கொச்சம்மாவின் பொய்ப் புகார் முதல் தகவல் அறிக்கை ஆகிறது. நடந்ததைச் சொல்ல நிலையம் வரும் அம்முவின் வாக்குமூலத்தை ஆய்வாளர் தாமஸ் மாத்யூ பதிவு செய்ய மறுத்து, அவளை இழிசொல்லால் ஏசித் தன் தடியால் அவள் உடலைத் தீண்டுகிறார். பொதுவுடைமைக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் பிள்ளை, வெளுத்தாவுக்குக் கட்சியின் பின்புலம் இல்லை என்று கைகழுவுகிறார். உண்மையில் வெளுத்தா கட்சி உறுப்பினர். புகார் பொய் எனத் தெரிந்ததும் ஆய்வாளர் தம்மைக் காத்துக்கொள்ளக் குழந்தையின் வாயிலிருந்து ஒரு 'ஆம்' பெறச் செய்கிறார். புகார், சாட்சி, வாக்குமூலம் என எல்லா நடைமுறையும் ஏட்டில் நிறைவாக இருக்கும். உண்மை மட்டும் இருக்காது. காவல் மரண வழக்குகளைக் கையாண்ட எவருக்கும் இது பழகிய கோப்பு.

கைது நடைமுறைகளை வகுத்த டி.கே. பாசு தீர்ப்பு 1996 டிசம்பரில் வந்தது. நாவல் சில மாதங்களில் வெளியானது. காவல் மரணத்தை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்ற திருத்தம் 2005-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்ந்தது. 1969-இன் வெளுத்தாவுக்கு இவை எதுவும் இல்லை.

நாவல் வெளியானபின் கேரளத்தில் ஒரு வழக்கறிஞர், அதன் இறுதி அத்தியாயம் ஆபாசமானது என்று குற்றப் புகார் தொடுத்தார். அம்முவும் வெளுத்தாவும் ஆற்றங்கரையில் கூடும் அத்தியாயம் அது. காவலர்கள் ஒரு மனிதனை எலும்பெலும்பாக நொறுக்கும் அத்தியாயத்தை ஆபாசம் என எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. இந்த வழக்கையே நாவலுக்கான பண்பாட்டுக் குறிப்பாகக் கொள்ளலாம்.

திறனாய்வு சொன்னதும் விட்டதும்

நாவல் வந்த ஆண்டிலேயே மார்க்சிய அறிஞர் அய்ஜாஸ் அகமது 'ஃப்ரண்ட்லைன்' இதழில் விரிவான கட்டுரை எழுதினார். ராயின் நடையாற்றலை ஏற்ற அவர், நாவலின் பொதுவுடைமை எதிர்ப்பையும், பாலுறவையே விடுதலையின் இறுதி இடமாக்கியதையும் குறை கூறினார். 1998-இல் பிரிந்தா போஸ் இதற்கு மாறாக, சாதி விதிகளை மீறும் வேட்கை தன்னளவிலேயே அரசியல்தான் என்று வாதிட்டார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அம்பேத்கர் காட்டியதை ஏற்கும் நாம், இவ்விடத்தில் போஸின் பக்கமே சாய்கிறோம்.

ஆயினும் இருவரும் காதல் அரசியலா என்பதையே பேசுகின்றனர். வெளுத்தாவுக்கு அந்தக் காதலுக்கு முன்பே ஓர் அரசியல் இருந்தது. சிவப்புக் கொடியுடன் அவர் நடந்த ஊர்வலத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு, தாழ்த்தப்பட்டோரைச் சாதிப் பெயர் சேர்த்து அழைக்கக் கூடாது என்பதும் ஒன்று. அக்கோரிக்கையை நாவல் சில வரிகளில் கடந்துவிடுகிறது. வெளுத்தாவின் உடலழகுக்கும் கைத்திறனுக்கும் கிடைக்கும் பக்கங்கள் அவருடைய சிந்தனைக்குக் கிடைக்கவில்லை. அவருடைய தாய் செல்லா, காசநோயில் இறந்தவர் என்னும் தகவலாகவே நின்றுவிடுகிறார். நாவலில் பேசும் தலித் பெண் எவரும் நினைவில் நிற்கவில்லை.

மற்றொன்று, நிலம். கதை நடப்பது 1969 டிசம்பர். திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1970 சனவரி 1. குத்தகையாளர்களுக்கு நிலம் கிடைத்தது; குத்தகை உரிமையே இல்லாதிருந்த தலித் கூலிகளுக்குக் குடிசை நின்ற மனையாக, ஊராட்சிகளில் 10 சென்ட் வரை மட்டும் கிடைத்தது. நாவலின் பொதுவுடைமை விமர்சனம் பிள்ளை என்னும் தனிமனிதரின் சூழ்ச்சியில் தேங்கிவிடுகிறது. நிலத்தைத் தொட்டிருந்தால் அவ்விமர்சனம் இன்னும் ஆழமாகவும் நேர்மையாகவும் இருந்திருக்கும் என்பது எங்கள் கருத்து.

மாணவர்களுக்கு

இந்நாவலைப் பாடமாகப் பயிலும் தோழர்களுக்கு ஒரு நடைமுறையை முன்வைக்கிறோம். குழுவாக அமர்ந்து ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இங்குள்ள சாதிச்சொல் எந்த நிலத்தில் என்ன பொருள் தந்தது? அந்த ஆண்டில் எந்தச் சட்டம் நடப்பில் இருந்தது, அது யாரைக் காத்தது? இங்கு நினைவுகூரப்படும் ஒடுக்குமுறையை எதிர்த்தவர் யார்? இக்காட்சியில் பேசாமல் நிற்பவர் யார்? விடைகளைப் பக்கவாரியாகத் தொகுத்தால் எந்தக் கையேட்டையும்விடப் பயனுள்ள குறிப்புரை உங்கள் கையில் இருக்கும்.

அது தேர்வுக்கு மட்டும் உதவுவதன்று. 2018 மே மாதம், இதே கோட்டயத்தில், வேறு சமூகத்துப் பெண்ணை மணந்த தலித் கிறிஸ்தவ இளைஞர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். உரிய நேரத்தில் காவல்துறை செயல்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2019 ஆகஸ்டில் கோட்டயம் அமர்வு நீதிமன்றம் அதை ஆணவக் கொலை என ஏற்று, பெண்ணின் சகோதரர் உட்படப் பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. வெளுத்தாவுக்குக் கிடைக்காத தீர்ப்பு அந்த இளைஞருக்குக் கிடைத்தது. அதேவேளையில், 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாம் பத்தி அன்றும் மாறவில்லை, இன்றும் மாறவில்லை. அதை நீக்கக் கோரும் மனுக்கள் உச்ச நீதிமன்றத்தின் முன் 2004 முதல் நின்றுகொண்டிருக்கின்றன. உங்கள் குறிப்பேட்டில் 'பரவன்' என்னும் சொல்லுக்கு நேரே இந்தச் செய்தியையும் எழுதிக்கொள்ளுங்கள்.